ஒரு ஓபோவுக்காக முழு ஆர்கெஸ்ட்ரா வாங்கணுமா?

குறும்படத்துக்கு மியூசிக் பண்ற பசங்க என்கிட்ட அடிக்கடி கேக்குறது இதான், "அண்ணா எனக்கு செல்லோ மட்டும் போதும், அதுக்குப் போய் முழு லைப்ரரி வாங்கணுமா?" வேணாம்டா, தனியாவே கெடைக்குது. (லைப்ரரின்னா வாத்தியத்த ஒவ்வொரு நோட்டா ரெக்கார்ட் பண்ணி, நம்ம கம்ப்யூட்டர்ல வாசிக்கிற மாதிரி விக்கிறது.) பெர்லின்ல இருக்குற ஆர்கெஸ்ட்ரல் டூல்ஸ் கம்பெனி 2020ல சைன் பிளேயர்னு அவங்க லைப்ரரிய ஓட்டுற சாஃப்ட்வேர் கொண்டு வந்தாங்க, அதுல இருந்து அவங்க கலெக்‌ஷன் நெறையவற்றுல ஒத்த வாத்தியத்த மட்டும் காசு குடுத்து எடுத்துக்கலாம், பிளேயர் ஃப்ரீ. வியன்னா சிம்ஃபோனிக் லைப்ரரிங்கிற கம்பெனியும் தனித்தனியா விக்கிறாங்க.

ஆனா எத தனியா வாங்கலாம்னு விலைய மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க, எந்த ரூம்ல ரெக்கார்ட் பண்ணாங்கன்னு பாருங்க. ஆர்கெஸ்ட்ரல் டூல்ஸோட பெர்லின் சீரிஸ் டெல்டெக்ஸ் ஸ்டுடியோல எடுத்தது, ஸ்பிட்ஃபயர் கம்பெனியோட பிபிசி சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ரா லைப்ரரி லண்டன் மைடா வேல் ஸ்டுடியோல எடுத்தது. ரெண்டுலயும் வாசிக்கிறவங்க ஆர்கெஸ்ட்ரால எங்க உக்காருவாங்களோ அங்கயே உக்காந்து வாசிச்சிருக்காங்க, அதனால ஒவ்வொரு நோட்டுலயும் அந்த ஹாலும் சேந்தே பதிவாகியிருக்கு. அங்கருந்து ஒரு வயலின் செக்‌ஷன், இங்கருந்து ஒரு செல்லோ செக்‌ஷன்னு சேத்தா வாசிக்கும்போது தெரியாது, நோட்டு நிக்குற எடத்துல ஒண்ணோட எதிரொலி சட்டுனு முடியும், இன்னொண்ணு நீளும், காது உடனே கண்டுபிடிச்சிடும். அதனால ஸ்ட்ரிங்ஸ் மட்டும் அஞ்சு செக்‌ஷனும் ஒரே எடத்துல வாங்குங்க, அதுல சிக்கனம் பாக்காதீங்க. வியன்னா முன்னாடி சைலண்ட் ஸ்டேஜ்ங்கிற அவங்க ஸ்டுடியோல எதிரொலியே அதிகம் இல்லாம எடுத்த பழைய வாத்தியங்கள் இதுக்கு விதிவிலக்கு, நம்ம ரிவெர்ப் (செயற்கை எதிரொலி) போட்டு எது கூடவும் உக்கார வெக்கலாம்.

சோலோ வாத்தியம்னா தாராளமா தனியா வாங்கலாம், ஆனா டெமோ பாட்ட நம்பி வாங்காதீங்க. ஒரே நோட்ட ஸ்டக்காட்டோல, அதாவது வெட்டி வெட்டி, எட்டு தடவ வேகமா அடிக்கிற வீடியோ இருக்கான்னு தேடுங்க. ரவுண்ட் ராபின், அதாவது ஒரே நோட்டுக்கு மாத்தி மாத்தி வர்ற வேற வேற பதிவு, கம்மியா இருந்தா அதே சாம்பிள் (பதிவு) திரும்பத் திரும்ப வந்து மெஷின் கன் மாதிரி கேக்கும். அப்புறம் ஒரு நீள நோட்ட புடிச்சுக்கிட்டு கீபோர்டுல சத்தத்த கூட்டிக் கொறைக்கிற மாட் வீல மெதுவா மேல ஏத்துறத கேளுங்க. சத்தம் கம்மியா வாசிச்ச சாம்பிள்ல இருந்து சத்தமா வாசிச்சதுக்கு மாறுற எடத்துல, அத நல்லா பண்ணலன்னா, ஒரு ஓபோவுக்கு பதிலா ரெண்டு பேர் ஊதுற மாதிரி இருக்கும். பத்து பேர் வாசிக்கிற செக்‌ஷன்ல இது மறைஞ்சிடும், சோலோல மறையவே மறையாது. லெகாட்டோவும் (ஒரு ஸ்வரத்துல இருந்து அடுத்ததுக்கு இடைவெளி இல்லாம போறது) நெசமா ரெக்கார்ட் பண்ணதான்னு பாருங்க, ஒவ்வொரு ஸ்வரத்துல இருந்தும் மேலயும் கீழயும் போறத தனித்தனியா எடுக்கணும், அந்த உழைப்புக்குத்தான் நம்ம காசு குடுக்குறோம்.

கான்டாக்ட்னு லைப்ரரிய ஓட்டுற சாஃப்ட்வேர் ஒண்ணு இருக்கு, அதப் பத்தியும் ஒரு விஷயம். சின்ன கம்பெனிங்க கம்மி விலைக்கு விக்கிற ஒத்த வாத்தியங்கள் நெறைய காசு குடுத்து வாங்குற ஃபுல் கான்டாக்ட்டுல மட்டும்தான் முழுசா ஓடும், கான்டாக்ட்டோட ஃப்ரீ பிளேயர்ல போட்டா 15 நிமிஷத்துல டெமோ முடிஞ்சு நின்னுடும். வாங்குன லைசன்ஸ அடுத்தவங்களுக்கு விக்கவும் பெரும்பாலும் விடமாட்டாங்க. ஹார்ட் டிஸ்க்கையும் யோசிங்க, பிபிசி ப்ரொஃபெஷனல் கிட்டத்தட்ட 600 ஜிபி, அதே ஆர்கெஸ்ட்ராவோட டிஸ்கவர்ங்கிற சின்ன வடிவம் 200 எம்பி சொச்சம்தான், புதுசா எழுதக் கத்துக்குறவங்களுக்கு அதுவே தாங்கும்.

நாதஸ்வரத்துக்கும் வீணைக்கும் மட்டும் என்கிட்ட லைப்ரரி கேக்காதீங்க. வீணைல கமகம் தந்திய மெட்டு மேல இழுக்குறதுல வருது, ஒவ்வொரு ராகத்துலயும் அதோட வேகமும் அளவும் வேற. தனித்தனியா பதிஞ்ச ஸ்வரத்த பிட்ச் பெண்ட் போட்டு வளச்சா தோடி தோடியாவே வராது. அந்தக் காசுக்கு வாசிக்கிறவர் ஒருத்தர அரை நாள் கூப்பிட்டு ரெக்கார்ட் பண்ணுங்க, நம்ம ஊர்ல அதுக்கு ஆளா இல்ல?