பராசக்தியும் பெரட்டுக்களமும் (தோட்டத்து ஆட்களைக் காலையில் கூட்டி வேலை பிரிக்கும் இடம்)

2025 ஜனவரி 12, தலவாக்கலை, இலங்கை மலையகம்

பொங்கல் லீவுக்கு வாசிகசாலையில் பிள்ளைகளுக்குப் பழைய படம் ஒன்று போடுவதாக முடிவாகிவிட்டது. எம்.ஜி.ஆர் படம்தான் வேண்டும் என்று பாதிப் பேர் நின்றார்கள். நான் சிவாஜி நடித்து 1952இல் வந்த பராசக்தி என்று பிடிவாதம் பிடித்தேன். கறுப்பு வெள்ளைப் படத்துக்குப் பிள்ளைகள் உட்காருவார்களா என்று கேட்டார்கள். உட்காருவார்கள். கதை அவர்கள் வீட்டுக் கதை.

ரங்கூனில் பிழைக்கும் மூன்று அண்ணன்மார், மதுரையில் ஒரே தங்கை. அவள் கல்யாணத்துக்குக் கப்பலேறி வரும் குணசேகரன், சென்னையில் இறங்கியதும் கையிலிருந்ததைப் பறிகொடுத்து, சொந்த நாட்டிலேயே சோற்றுக்கு அலைகிறான். படம் வந்து 12 வருஷம் கழித்து, 1964இல், இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. இங்கிருந்து 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாகப் பேச்சு. மலையிலிருந்து கோச்சியில் (ரயிலில்) இறங்கி, தலைமன்னாரில் கப்பலேறி, இராமேஸ்வரத்தில் கால்வைத்த நம் ஆட்களை அங்கேயும் ‘சிலோன்காரன்’ என்றுதான் கூப்பிட்டார்கள். குணசேகரன் பட்ட பாட்டை அவர்கள் திரையில் முன்பே பார்த்திருந்தார்கள்.

ஜனவரி 14

பொங்கல். காலையில் கோயிலடியில் பால் பொங்கியது, அப்புறம் வீடு வீடாகச் சாப்பாடு. மேல் லயத்துப் (தோட்டத்து வரிசை வீடுகள்) பெரியவர் ஒருவரிடம் படம் போடுவதைச் சொன்னேன். கையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பையைத் திண்ணையில் வைத்துவிட்டு எழுந்தார். எழுபத்தைந்து வயதுக்கு மேலிருக்கும். தோளில் கிடந்த துவாயை இழுத்துவிட்டார், நிமிர்ந்தார், கோர்ட்டுக் காட்சியில் குணசேகரன் பேசும் வசனத்தை ஆரம்பித்தார். மூச்சு வாங்கும் இடத்தில்கூட சிவாஜியின் நிறுத்தம் அப்படியே இருந்தது. ஒரு சொல் பிசகவில்லை. கல்யாண வீடுகளில் ஒலிபெருக்கி கட்டி வசன இசைத்தட்டைப் போடுவார்களாம், அதைக் கேட்டுக் கேட்டே பாடமானது என்றார்.

அவர் அடுத்துச் சொன்னதுதான் எனக்குப் பெரிசு. வாலிபத்தில் கொழுந்து நிறுக்கும்போது கூடுதலாகக் கழித்து அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போட்டதற்கு, கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நியாயம் கேட்கப் போனாராம். “துரைக்கு முன்னால அதுவரைக்கும் தலை குனிஞ்சுதான் நின்னோம் தம்பி. அன்னைக்கு மட்டும் வாயில தானா வந்துச்சு.” அந்த வாக்கிய அடுக்கும் குரலின் ஏற்ற இறக்கமும் கலைஞர் கருணாநிதி எழுதிக் கொடுத்தவை. கூலிக்காரனும் எதிரே நின்று வாதாடலாம் என்ற நினைப்பு அந்த வசனத்தோடு கூடவே வந்தது.

படம் வெளியான வருஷத்தை நினைத்துப் பாருங்கள். 1948 பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களை நாடற்றவர்களாக்கியிருந்தது. 1952 தேர்தலில் பெரும்பாலானவர்களுக்கு வாக்கு இல்லை. அதை எதிர்த்து அதே வருஷம் சத்தியாக்கிரகம் நடந்தது. பேசுவதற்குப் பாராளுமன்றத்தில் ஆள் இல்லாத காலம். அப்படிப்பட்ட சனத்துக்கு, ஒரு ஏழை நீதிமன்றத்தில் தன் பக்கத்தைக் கடைசிவரை பேசி முடிப்பதைக் காண்பது எவ்வளவு பெரிய விஷயம்!

ஜனவரி 17

எம்.ஜி.ஆர் பிறந்த நாள். 1917இல் கண்டிப் பக்கம் பிறந்தவர் என்பதால் மலையகத்தில் அவர் சொந்தக்காரர் மாதிரி. டவுனில் ஒரு சலூனில் காலையிலிருந்தே அவர் பாட்டுகள்.

1975இல் வந்த புதிய காற்று பற்றியும் எழுத வேண்டும். தொழிற்சங்கக்காரரான வி.பி. கணேசன் நம் தோட்டத்து வாழ்க்கையை வைத்து இங்கேயே எடுத்த படம் அது. சென்னைப் படங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள், நம் லயமும் மலையும் திரைக்கு வரலாம் என்று துணிந்ததே பெரிய காரியம்.

ஜனவரி 19

படம் போட்டாயிற்று. வாசிகசாலையின் சுவரில் வெள்ளைச் சீலை, இரவல் வாங்கிய புரொஜெக்டர், தரையில் பாய். குணசேகரன் பைத்தியம் மாதிரி நடித்து ஊரை ஏய்க்கும் இடங்களில் சின்னதுகள் உருண்டு உருண்டு சிரித்தன. கோர்ட்டுக் காட்சியில் ஒரு சத்தமில்லை. பெரியவரின் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

முடிந்ததும் உயர்தரம் படிக்கும் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: “பிள்ளையை ஆத்துல போட்டதுக்குக் குற்றவாளியா நிக்கிறது கல்யாணி. ஆனா எல்லாருக்கும் மனப்பாடம் அண்ணன் பேசினதுதான். ஏன் சேர்?”

அவள் கேட்டது சரி. கொழுந்து பறிப்பதில் பெரும்பங்கு பெண்கள். ஆனால் பழைய படங்களில் பெண்ணுக்குக் கிடைத்தது பெரும்பாலும் கண்ணீர்தான், வசனம் ஆண்களுக்குப் போனது. தோட்டத்துச் சங்க மேடைகளிலும் நெடுங்காலம் அதே பங்கீடுதான் இருந்தது. படத்தின் பெருமையை எவ்வளவு சொன்னாலும் இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அவளிடமும் அப்படியே சொன்னேன்.

கல்யாணி பேசுவதாக ஒரு கோர்ட்டுக் காட்சியை அவளே எழுதுகிறாளாம். மாசியில் காமன் கூத்து முடிந்ததும் அதே இடத்தில் போடலாம் என்று பேசியிருக்கிறோம். நீதிபதியாக நடிக்கப் பெரியவர் சம்மதித்துவிட்டார்.