ஒரு ஆளுக்குள் ஏழு பேர்: போனில் எடுத்துப் பார்த்தது

ஹொங்கொங்கில் ஜானி டோவும் வாய் கா-ஃபாயும் சேர்ந்து 2007இல் எடுத்த ‘மேட் டிடெக்டிவ்’ படத்தில் ஒரு இடம் வரும். வேலையிலிருந்து அனுப்பப்பட்ட, மனநிலை சரியில்லாத பன் என்ற பொலிஸ்காரர் ஒரு சந்தேக நபரைத் தெருவில் பின்தொடர்கிறார், ஆனால் நாம் பார்ப்பது ஒருவனை இல்லை, விசிலடித்துக்கொண்டு கூட்டமாக நடக்கிற ஏழு பேரை. மனிதர்களுக்குள்ளே ஒளிந்திருக்கும் ஆட்கள் பன்னின் கண்ணுக்குத் தெரிவார்கள். இந்த ஏழு பேரும் அந்த ஒருவன்தான். ஏழு நடிகர்களை நடக்க விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தை. அப்படியென்றால் திருகோணமலையில் ஒரு போனை வைத்துக்கொண்டு நாங்களும் செய்யலாமே என்று இறங்கியதன் இப்போதைய நிலவரம் இது.

ஏழுக்கெல்லாம் போகவில்லை. வழக்கில் பன்னின் உதவியைத் தேடி வரும் ஒரு இளம் இன்ஸ்பெக்டர் பன்னின் கண்ணுக்குப் பயந்த சிறுவனாகத் தெரிவார், அதைத்தான் எடுத்துக்கொண்டோம். டச்சு பே கடற்கரையில் ஒருவன் மோட்டார் சைக்கிள் திறப்பை எடுக்கவில்லை என்று பொய் சொல்கிறான், கேட்பவன் கண்ணுக்கு அவன் நிற்கிற இடத்தில் ஒரு சின்னப் பெடியன் தெரிகிறான். பெடியனாக நடித்தது பக்கத்து வீட்டுத் தம்பி.

முதலில் பெரியவனைக் காட்டி நேரே சிறுவனுக்கு வெட்டினேன். பார்த்தவர்கள் எல்லாரும் “இது அவன்ர தம்பியோ?” என்று கேட்டார்கள். சரி, படத்தைத் திரும்ப ஓடவிட்டு எந்த ஷொட்டுக்குப் பிறகு எது வருகிறது என்று கொப்பியில் எழுதிப் பார்த்ததில் விஷயம் பிடிபட்டது: இடையில் பார்க்கிறவனின் முகம் வேண்டும். பன்னின் முகம், அவர் காணும் ஆள், மறுபடி முகம், பிறகு மற்றவர்கள் காணும் ஆள். கமரா யாருடைய கண்ணில் இருக்கிறது என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அதன் பிறகு எதை வேண்டுமானாலும் காட்டலாம், நாம் நம்பிவிடுகிறோம். வசனத்தையும் பாதியில் வெட்டினேன், “நான் எடுக்கேல்ல” பெரியவன் வாயில், “அண்ணா, சத்தியமா” சிறுவன் வாயில். அது வேலை செய்தது!

பெரிய தலையிடி பார்வையின் உயரம். கேட்பவன் தம்பியின் முகத்தைப் பார்த்துக் குனிந்தால், பெரியவனின் ஷொட்டில் அவன் சட்டைப் பொத்தானோடு பேசுகிற மாதிரி இருக்கிறது. கடைசியில் தம்பியை ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்து அதன் மேல் ஏற்றினோம். நெஞ்சுக்கு மேலே மட்டும் எடுத்தால் பெட்டி தெரியாது, ஆனால் மணலில் அது ஒரு பக்கம் புதைந்துகொண்டே போக, வசனம் முடிவதற்குள் தம்பி சரிந்துவிடுவான். அடியில் ஒரு பலகைத் துண்டு வைத்த பிறகுதான் நின்றான். இருவரும் ஒரே இடத்தில் ஒருவர் பின் ஒருவராக உடனே நிற்க வேண்டும், போனில் வெளிச்ச அளவு தானாக மாறாமல் பூட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் முகத்தின் நிறமே காட்டிக்கொடுத்துவிடும்.

சத்தத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கச்சான் காற்று வீசுகிற காலத்தில் கடற்கரையில் பதிந்தது வெறும் இரைச்சல்தான், அதனால் எல்லாவற்றையும் அறைக்குள் போர்வையை மூடிக்கொண்டு திரும்பப் பேசிச் சேர்த்தோம்.

கொலையைக் கண்டுபிடிக்க பன் தானே சூட்கேஸுக்குள் புகுந்து படிக்கட்டில் உருட்டச் சொல்லுவாரே, அதையும் செய்வோம் என்று ஒருவன் நின்றான். வீட்டிலிருந்த சூட்கேஸ் அவனுக்குக் காணாததால் நாங்கள் தப்பினோம்.

ஒன்று சொல்ல வேண்டும். நிஜத்தில் மனநோய் இப்படி மறைவானதைக் காட்டித்தருகிற வரம் இல்லை, அப்படி எடுத்துக்கொண்டால் அபத்தம். எனக்குப் பிடித்தது படம் பன்னை ஞானியாக்காததுதான். சந்தேக நபரைப் பற்றி அவர் சொல்வது பலித்துக்கொண்டே போகும், அதே மனிதர் விட்டுப்போன மனைவி இன்னும் வீட்டில் இருப்பதாக நினைத்து அவளோடு பேசிக்கொண்டிருப்பார். இரண்டும் ஒரே கண்ணுக்குத்தான் தெரிகிறது. எதை நம்புவது என்று அந்த இன்ஸ்பெக்டர் தடுமாறும்போது நாமும் தடுமாறுகிறோம்.

படத்தின் கடைசியில் கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு சண்டை வரும், அதற்காக தெரிந்த சலூனில் கடை பூட்டிய பிறகு ஒத்திகை பார்த்தோம். எதிரெதிர்க் கண்ணாடியில் எங்கே திருப்பினாலும் போனும் என் கையும்தான் விழுகின்றன. கறுப்புத் துணி போர்த்தி, நேரே நிற்காமல் ஓரமாகச் சாய்த்து எடுத்தால் ஓரளவு மறைகிறது.

அடுத்தது அந்த ஏழு பேர் நடை. இதுவரை ஐந்து பேர் சேர்ந்திருக்கிறார்கள், அதில் இரண்டு பேருக்கு விசிலடிக்கத் தெரியாது.