பாங்காங் ஏரிக்கரை: நாட்குறிப்பு

ஜூலை 9, 2012, லே, லடாக்

விமானம் இறங்கும் ஊரே சுமார் 3,500 மீட்டர் உயரம். முதல் இரண்டு நாள் ஊர் சுற்றாமல் கிடப்பதுதான் வேலை. மாடிப்படி ஏறுவதுகூட நிதானமாக. தண்ணீர் அடிக்கடி, மது கூடவே கூடாது. தலைவலியோடு வாந்தியும் தள்ளாட்டமும் சேர்ந்தால் மாத்திரையைப் போட்டுக்கொண்டு தூங்கிவிடக் கூடாது, உடனே மருத்துவமனை. வெளிமாநில பிரீபெய்டு சிம் இங்கே எடுக்காது.

ஜூலை 10

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் எல்லைப்பகுதி அனுமதிச் சீட்டு. போகிற இடம் ஒவ்வொன்றின் பெயரும் அதில் இருக்கிறதா என்று அங்கேயே சரிபார்க்க வேண்டும். சோதனைச்சாவடிக்கு ஒரு நகல் வாங்கிக்கொள்வார்கள். ஆறு ஜெராக்ஸ் போதும்.

ஜூலை 12, ஸ்பாங்மிக் (ஏரியின் தென்கரைக் கிராமம்)

விடியற்காலையிலேயே கிளம்பிவிட வேண்டும். காரு, சக்தி ஊர்கள் வழியாக சாங் லா கணவாய், சுமார் 5,360 மீட்டர். அங்கே கால் மணி நேரத்துக்கு மேல் நின்றால் தலை கனக்கும். தாங்ட்சேக்கு அப்பால் பாதையை வெட்டிக்கொண்டு ஓடைகள். காலையில் கணுக்கால் அளவு தண்ணீர்தான். வெயில் ஏற ஏறப் பனி உருகி, பிற்பகலில் வண்டியையே இழுக்கும். முதல் கியர், ஆக்சிலேட்டரை நடுவில் விடக் கூடாது. விட்டால் சைலன்சரில் தண்ணீர் ஏறி எஞ்சின் நின்றுவிடும்.

ஏரி சுமார் 134 கிலோமீட்டர் நீளம். மூன்றில் ஒரு பங்குதான் இந்தியாவின் கையில். தண்ணீர் உப்புக் கரிக்கிறது, ஆனாலும் குளிர்காலத்தில் உறைந்துவிடும். இந்த உயரத்தில் உலைநீர் 86 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் அரிசி வேக வெகு நேரம் பிடிக்கும்.

எதிரே வடகரை. மலையிலிருந்து ஏரிக்குள் நீளும் முகடுகளை ராணுவத்தார் விரல்கள் என்கிறார்கள், மொத்தம் எட்டு. எல்லைக்கோடு எட்டாவதில் என்பது இந்தியா, நான்காவதில் என்பது சீனா. தண்ணீரில் எல்லையைக் காட்ட ஒரு மிதவைகூட இல்லை. இவ்வளவு அழகான கரையைப் பார்த்துக்கொண்டே அந்தத் தகராறை நினைப்பது வலிக்கிறது.

பிப்ரவரி 21, 2021, சென்னை

போன மே மாதம் தொடங்கிய மோதல் அதே விரல்களில்தான். இப்போது இரு படைகளும் ஏரிக்கரையிலிருந்து பின்வாங்கிவிட்டன. இந்தியப் படை மூன்றாம் விரலருகே, சீனப் படை எட்டாவதற்குக் கிழக்கே. நடுவில் இருக்கும் கரையில் இப்போதைக்கு யாருக்கும் ரோந்து இல்லை.