சாஸ்கட்டூனிலிருந்து திருச்சிக்கு

கனடாவின் சாஸ்கட்செவான் மாகாணத்தில் இருக்கும் எங்கள் சாஸ்கட்டூன் விமான நிலையத்துக்கும் திருச்சிக்கும் நேர்த் தூரம் சுமார் 13,000 கிலோமீட்டர். விமான வேகத்துக்கு வகுத்தால் பதினைந்து மணி நேரம் வரும். ஆனால் அப்படி நேராகப் பறக்கும் விமானம் கிடையாது. உலக உருண்டையில் நூல் பிடித்துப் பாருங்கள், இரண்டு ஊரும் கிட்டத்தட்ட எதிரெதிர்ப் பக்கம். நூல் வட துருவத்துக்கு 400 கிலோமீட்டர் பக்கத்தில் போய்த்தான் இறங்கும்.

நடப்பு வேறு. முதலில் டொராண்டோ, 2,200 கிலோமீட்டர், மூன்று மணி நேரத்துக்கு மேல். சிங்கப்பூரில் இருக்கும் மச்சான் 3,000 கிலோமீட்டர் பறந்தால் திருச்சியிலேயே இறங்கிவிடுவான். வளைகாப்புக்குக்கூட வந்து தலைகாட்டிவிட்டுப் போவான். நாங்கள் அவ்வளவு தூரம் பறந்தும் கனடாவைத் தாண்டியிருக்க மாட்டோம். அப்புறம் டெல்லிக்கு 11,600 கிலோமீட்டர். 2022இல் ரஷ்யா தன் வான்வெளியைக் கனடா விமானங்களுக்கு மூடிவிட்டதால் அதிலும் சுற்று. டெல்லியிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து திருச்சி. எல்லாம் கூட்டினால் ஏறத்தாழ 16,000. காத்திருப்பையும் சேர்த்தால் வீட்டு வாசலுக்கு வாசல் ஒன்றரை நாள்.

புதிதாக இங்கே வருகிறவர்களுக்கு நான் சொல்வது, கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள், இணைப்பைப் பாருங்கள். டெல்லியில் குடியேற்றச் சோதனை முடித்து, பெட்டியை எடுத்து, சுங்கம் தாண்டி, மறுபடி பெட்டியைப் போட வேண்டும். குழந்தையோடு போகிறவர்களுக்கு நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். உள்ளூர் விமானத்துக்குத் தனி டிக்கெட் எடுத்தால் மலிவுதான். ஆனால் அதில் பெரும்பாலும் 15 கிலோதான் விடுவார்கள். நம் கையிலோ 23 கிலோப் பெட்டிகள். டெல்லி விமானம் தாமதமானாலும் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

கடைசித் துண்டு 290 கிலோமீட்டர்தான், பறப்பது ஒரு மணி நேரம். அதற்காகச் சென்னையில் ஐந்தாறு மணி நேரம் உட்கார வேண்டியிருந்தால் நாங்கள் கார் பிடித்துவிடுவோம். விழுப்புரம் பக்கம் இறங்கி இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனாலும் அதே நேரத்தில் வீட்டில் இருப்போம்.

ஜனவரியில் கிளம்பினால் இன்னொரு சங்கடம், கோட்டு. மைனஸ் முப்பதில் அது இல்லாமல் காரிலிருந்து வாசலுக்குக்கூட நடக்க முடியாது. திருச்சியில் அதைப் பீரோவில் வைக்கவும் இடமில்லை. விட வருகிற நண்பரின் காரிலேயே கழற்றிப் போட்டுவிடுவோம். திரும்பும்போது அவரே கொண்டுவர வேண்டும், அதுவும் நடுராத்திரியில். ஆகவே ஆளைப் பார்த்துத்தான் கேட்க வேண்டும்.

நேரக் கணக்கு மட்டும் சுலபம். அரை மணியைக் கழித்து, இரவைப் பகலாக்கினால் போதும். இங்கே ராத்திரி எட்டரை என்றால் அம்மாவுக்குக் காலை எட்டு. சாஸ்கட்செவானில் கோடைக்காகக் கடிகாரத்தை மாற்றுவதில்லை, அதனால் வருஷம் முழுக்க இதே பதினொன்றரை மணி வித்தியாசம்தான். டொராண்டோ சித்தப்பா வீட்டில்தான் மார்ச்சிலும் நவம்பரிலும் கணக்குக் குழம்பும்.