போர்டைக் கழற்றுவதற்கு முன்

அரிசோனாவின் மேற்கு எல்லையை ஒட்டிய குவார்ட்ஸைட் என்னும் பாலைவனச் சிற்றூரைச் சுற்றியுள்ள அரசு நிலத்தில், குளிர்காலம் தொடங்கியதும் வடமாநிலங்களிலிருந்தும் கனடாவிலிருந்தும் மோட்டார்ஹோம்கள் வந்து நிறையும். வருபவர்களில் பெரும்பாலோர் பணி ஓய்வு பெற்ற தம்பதியர். அந்த வெட்டவெளியில் மின்கம்பம் கிடையாது. சூரியத் தகடுகள் பகலில் கொடுப்பது போதாதபோது பேட்டரியை நிரப்புவதற்கு, வண்டியின் அடிப்பகுதியில் ஒரு இரும்புப் பெட்டிக்குள் பொருத்தப்பட்டிருக்கும் ஜெனரேட்டர்தான் முக்கிய வழி. தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய்க்காக இரவெல்லாம் கருவி அணிந்து உறங்குபவர்கள் அங்கே பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஜெனரேட்டர் நின்றுபோவது சிறு விஷயம் அல்ல.

அந்த வண்டிகளுக்கு நேரில் சென்று பழுது பார்ப்பது என் தொழில். இந்த ஜெனரேட்டர்களில், எஞ்சினைத் தொடங்கவும் நிறுத்தவும் ஆணையிடும் மின்னணுப் பலகையான கண்ட்ரோல் போர்டு உண்மையாகவே கெட்டுப்போவதைவிட, கெட்டுவிட்டதாக நினைத்துக் கழற்றப்படுவதே அதிகம் என்பதை நான் திரும்பத் திரும்பப் பார்த்து வருகிறேன். போர்டு பல நூறு டாலர் விலையுள்ளது. அதை மாற்றிய பிறகும் பழுது அப்படியே நிற்கும்போது, செலவழித்தவரின் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருக்கும்.

"ஸ்டார்ட் பட்டனை அழுத்திப் பிடித்திருக்கும் வரை ஓடுகிறது, கையை எடுத்தால் நின்றுவிடுகிறது" என்பதுதான் நான் அதிகம் கேட்கும் புகார். பெரும்பாலான பெட்ரோல் மாடல்களில் பட்டன் அழுத்தப்பட்டிருக்கும்போது ரோட்டாரில், அதாவது மின்சாரம் உண்டாக்கும் பகுதியின் சுழலும் பாகத்தில், காந்தப்புலம் எழுவதற்கான தொடக்க மின்சாரத்தைப் பேட்டரி தருகிறது. கையை எடுத்ததும், மின்சாரம் உற்பத்தியாவதற்கான அறிகுறி தனக்கு வந்து சேர்கிறதா என்று போர்டு பார்க்கிறது. வராவிட்டால் எஞ்சினை நிறுத்திவிடுகிறது. அதாவது போர்டு தன் கடமையைச் சரியாகச் செய்திருக்கிறது. ஆகவே வண்டிக்காரரைப் பட்டனைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஜெனரேட்டரின் பிரேக்கரில் மின் அளவுக் கருவியான மல்டிமீட்டரை வைத்துப் பார்ப்பேன். 120 வோல்ட் வந்தால் மின்னாக்கி நலமாக இருக்கிறது. அந்தத் தகவலைப் போர்டுக்குக் கொண்டுசெல்லும் வயரையும், ஆயில் பிரஷர் சுவிட்சையும், அதன் பிறகே போர்டையும் சந்தேகிக்க வேண்டும். வெறும் இரண்டு, மூன்று வோல்ட் மட்டுமே வந்தால், அது ரோட்டாரில் எஞ்சியிருக்கும் காந்தத்தன்மையின் விளைவு. ரோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ், அது உரசும் வளையமான ஸ்லிப் ரிங், ரோட்டார் சுருள், வோல்ட்டைச் சீராக்கும் ரெகுலேட்டர் என்ற வரிசையில் தேட வேண்டும். கோடை முழுவதும் ஓடாமல் கிடந்த வண்டிகளில் ஸ்லிப் ரிங்கின் மேல் கருமையான படலம் படிந்து, பிரஷ் அதைத் தொட்டுக்கொண்டிருந்தும் மின்சாரம் கடக்காமல் இருப்பதை அடிக்கடி காண்கிறேன். மின்சாரத்தைக் கடத்தாத மெல்லிய உப்புத்தாளால் அதைத் துடைத்தாலே போதும்.

இதைவிட ஏமாற்றும் பழுது ஒன்று உண்டு. ஒரு ஜனவரி மாதக் காலையில் பார்த்த வண்டியில், ஜெனரேட்டர் இரண்டு சுற்றுச் சுற்றியதும் விளக்கு அணைந்து, போர்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கிக்கொண்டிருந்தது. வழியில் ஒரு பணிமனையில் பேட்டரியையும் போர்டையும் மாற்றியிருந்தார்கள். வயர்களைக் கழற்றி ஓம் அளவில் சோதித்ததாகவும் எல்லாம் சரியாக இருந்ததாகவும் பில்லில் எழுதியிருந்தது. அந்தச் சோதனையில்தான் சிக்கல். மல்டிமீட்டர் ஓம் அளக்கும்போது அனுப்புவது மிகச் சிறிய மின்னோட்டம். ஸ்டார்ட்டர் கேட்பதோ நூறு ஆம்பியருக்கு மேல். ஒற்றையடிப் பாதையில் ஆள் நடந்து போகலாம், தேர் போகாது. இணைப்பில் 0.01 ஓம் தடை இருந்தாலே நூறு ஆம்பியரில் ஒரு வோல்ட் காணாமல் போய்விடும். சாதாரண மீட்டரில் அந்த 0.01 தெரியவே தெரியாது.

ஆகவே ஸ்டார்ட்டர் சுற்றும்போதே அளக்க வேண்டும். அந்த வண்டியில் பேட்டரி முனைகளில் 11.2 வோல்ட் இருந்தது, ஜெனரேட்டரில் 8.4 மட்டுமே வந்து சேர்ந்தது. பாசிட்டிவ் வழியில் இழப்பு 0.3, மீதி 2.5 வோல்ட் நெகட்டிவ் வழியில். பேட்டரியின் நெகட்டிவ் கேபிள் வண்டியின் சட்டத்தில் ஒரு போல்ட்டில் முடிகிறது. ஜெனரேட்டரின் எர்த் கேபிள் வேறொரு போல்ட்டிலிருந்து கிளம்புகிறது. இந்த இரண்டாவது போல்ட், பின்சக்கரம் சேற்றையும் உப்பையும் வாரி அடிக்கும் இடத்தில் இருந்தது. வெளியே பார்க்க இறுக்கமாகத்தான் தெரிந்தது. கழற்றியபோது, கேபிள் முனையில் போல்ட் நுழையும் உலோக வளையமான லக்கின் உட்புறம் முழுவதும் பச்சைப் பொடி; அதற்கும் சட்டத்துக்கும் நடுவே கருப்புப் பெயின்ட், அதன் அடியில் துரு. கம்பித் தூரிகையால் உலோகம் பளபளக்கும் வரை சுரண்டி, புது லக்கை அழுத்திப் பொருத்தி, பல் வைத்த வாஷர் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் தடவினேன். மறுபடி அளந்தபோது ஜெனரேட்டரில் 10.6 வந்தது. கழற்றிப் போட்டிருந்த பழைய போர்டை அவர்கள் குப்பையில் எறியாமல் வைத்திருந்தார்கள். அதைத் திரும்ப மாட்டிப் பார்த்தேன், குறையில்லாமல் ஓடியது.

கையை உள்ளே விடுவதற்கு முன் நெகட்டிவ் கேபிளைக் கழற்றிவிடுவதை நான் யாருக்காகவும் தவிர்ப்பதில்லை. சில வண்டிகளில் பேட்டரி இறங்கினால் ஜெனரேட்டர் தானாகவே ஸ்டார்ட் ஆகும். வண்டிக்குள் கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்கிறதா என்பதையும் அதே நேரத்தில் பார்த்துவிடுவேன்.

பழுதே இல்லாமல் பழுது என்று அழைக்கப்படுபவையும் உண்டு. டேங்கில் கால் பங்கு பெட்ரோல் மட்டும் இருக்கும்போது ஜெனரேட்டர் நின்றால், வண்டி ஓட எரிபொருள் மிஞ்ச வேண்டும் என்பதற்காக அதன் உறிஞ்சு குழாயை உயரத்தில் வைத்திருக்கிறார்கள் என்று பொருள். சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஃபிளாக்ஸ்டாஃபுக்குப் போய் ஏர் கண்டிஷனரைப் போட்டதும் எஞ்சின் திணறினால், காற்று மெலிந்ததால் அதன் திறன் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்திருக்கிறது. கருவிகளை ஒவ்வொன்றாக இயக்கினால் சரியாகும்.

வேலை முடிந்ததும் ஸ்டார்ட்டர் சுற்றும்போதைய வோல்ட், லோடு கொடுத்தபோதைய வோல்ட், ஹெர்ட்ஸ், ஓடிய மணிக்கணக்கு ஆகியவற்றைத் தேதியோடு எழுதி ஜெனரேட்டர் கதவின் உட்புறத்தில் ஒட்டிவிடுகிறேன். அடுத்த பழுது ஆயிரம் மைல் தள்ளி, வேறொருவர் கையில் வரலாம். அவர் தன் மீட்டரில் வரும் எண்ணை இதோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கலாம்.