பால் மறக்கடிக்க மாத்திரையா?

"பால் வத்த மாத்திரை இருக்கா தம்பி?" மருந்துக்கடையில் ஒரு பாட்டி. பக்கத்தில் மகள், மார்பு கல்லாய்க் கட்டி, கையைத் தூக்க முடியாமல்.

வேப்பெண்ணெய் தடவி ஒரே நாளில் நிறுத்தினால் இப்படித்தான் ஆகும்.

மாத்திரையைத் தேடாமல் படிப்படியாக நிறுத்துங்கள். முதலில் மதிய வேளைப் பாலை மட்டும் விடுங்கள். 3–5 நாள் கழித்து அடுத்தது. ராத்திரிப் பால் கடைசியில்.

கட்டிக்கொண்டால், இறுக்கம் தளரும் அளவுக்கு மட்டும் பீய்ச்சுங்கள். மார்பில் தங்கும் பால்தான் சுரப்பைக் குறைக்கும்; முழுசாகக் காலி செய்தால் மறுபடி ஊறும். பிறகு 10 நிமிடம் குளிர்ந்த துணி ஒத்தடம்.

மார்பின் மேல் மல்லிகைப்பூ வைக்கலாம், தப்பில்லை. துணியால் இறுக்கிக் கட்டாதீர்கள், அதுதான் வினை.

ஓரிடம் சிவந்து காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே டாக்டர். அப்போது பாலைச் சட்டென்று நிறுத்தினால் சீழ் கட்டிவிடலாம்.