மசாலா டீக்கு ஏ.ஐ. படிவம் வாங்கிய கதை

கோத்தகிரியிலிருந்து மலேசியாவின் பினாங்குக்கு மசாலா டீ அனுப்பிய சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஐ.இ.சி. என்ற ஏற்றுமதி–இறக்குமதி எண், ஜி.எஸ்.டி., டிஜிட்டல் கையெழுத்து எல்லாம் ஏற்றுமதி செய்யும் உங்களிடம் இருக்கும். அவற்றில் எனக்கும் தொல்லை வரவில்லை. தொல்லை முழுக்க ஒரிஜின் சர்டிபிகேட்டில்தான், அதாவது சரக்கு எந்த நாட்டுடையது என்று சொல்லும் சான்றில்.

மலேசியா உள்ளிட்ட தென்கிழக்காசிய நாடுகளோடு போட்ட ஆசியான்–இந்தியா ஒப்பந்தத்தின் சலுகை வரி வேண்டுமென்றால் வாங்குபவர் கையில் ஏ.ஐ. படிவம் இருக்க வேண்டும். அந்த ஒப்பந்தத்துக்கான ஒரிஜின் சான்றின் பெயர்தான் அது. வெறும் டீத்தூள் அனுப்பிய வரைக்கும் கவலையே இல்லை. இலை நம்ம மலையில் விளைந்தது, அவ்வளவுதான். இந்த லோடு மசாலா டீ. ஏலமும் சுக்கும் இடுக்கிச் சரக்கு. பட்டை இலங்கை.

கோவையில் எங்கள் ஏஜென்ட் ஆபீஸ் கிளார்க் பழைய விண்ணப்பத்தை அப்படியே காப்பியடித்து, முழுக்க இந்தியாவில் விளைந்தது என்று போட்டு ஏற்றிவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கூடவே இணைத்த லேபிளிலோ ‘சிலோன் பட்டை’ என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது! சான்று தரும் ஆபீசில் அதைப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்குள் கண்டெய்னர் கொச்சியை விட்டுக் கிளம்பியாயிற்று.

கீழே இறங்கிப் போய்க் கேட்டால் கிளார்க் அசரவில்லை. தெற்காசிய நாடுகளின் சார்க் அமைப்பையும் அதன் சாஃப்டா வணிக ஒப்பந்தத்தையும் பிடித்துக்கொண்டார். “இலங்கையும் சார்க், நாமளும் சார்க்தானுங்ண்ணா. சாஃப்டா இருக்குதில்ல, ஒண்ணாச் சேத்துக்குவாங்க.” அதையே பதிலாக எழுதியும் அனுப்பினார். மறுபடி திரும்பி வந்தது. மலையிலிருந்து இறங்கிய ஒரு நாள் வீண்.

கடைசியில் நானே சான்று ஆபீசுக்குப் போன் போட்டேன். அந்த அதிகாரி பொறுமையாகச் சொன்னார், அவருக்குப் புண்ணியம். 2006-இல் நடைமுறைக்கு வந்த சாஃப்டாவும், 2000-இல் வந்த இந்தியா–இலங்கை ஒப்பந்தமும் பட்டை நம் நாட்டுக்குள் வரும்போது பேச வேண்டிய விஷயம். நாம் மலேசியாவுக்கு அனுப்பும்போது கணக்கு வேறு. ஆசியான் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட நாடுகளின் சரக்கைத்தான் நம் சரக்கோடு சேர்த்துக்கொள்ளலாம். இலங்கை அதில் இல்லை. வியட்நாம் இருக்கிறது. அதாவது அங்கிருந்து வரும் தடித்த காசியாப் பட்டையை உரிய படிவத்தோடு வாங்கிப் போட்டிருந்தால் அது சொந்தக்காரன். ராமேஸ்வரத்துக்கு எதிர்க்கரையில் இருக்கிற இலங்கைப் பட்டை அந்நியன்.

2009-இல் இந்த ஒப்பந்தம் கையெழுத்தானபோது வெளிநாட்டுத் தேயிலை வந்து குவியும் என்றுதான் நம் பக்கம் பயம். அதனால்தான் கறுப்புத் தேயிலை, காபி, மிளகு எல்லாம் தனிப்பட்டியலில் போய், தேயிலை இறக்குமதி வரியை 45 சதவீதத்துக்குக் கீழே இறக்காமல் நிறுத்தினார்கள். ஏற்றுமதி செய்பவன் பட்டையில் மாட்டுவான் என்று அன்றைக்கு யார் நினைத்தார்கள்?

வழி இருக்கிறது, சுலபமான வழிதான். வெளியாள் சரக்கின் மதிப்பு எஃப்.ஓ.பி. விலையில், அதாவது கப்பலில் ஏற்றும் வரையிலான விலையில், 65 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அந்தச் சரக்கின் ஆறு இலக்க எச்.எஸ். எண்ணும், அதாவது சுங்கத்தில் சரக்கின் வகையைக் குறிக்கும் எண்ணும், மாறியிருக்க வேண்டும். பட்டை 0906-இல் தொடங்கும், டீ 0902-இல். மாறியாயிற்று. நூறு ரூபாய் டீயில் பட்டை சில ரூபாய்க்குத்தான் வரும். இதை விண்ணப்பத்திலேயே போட்டிருந்தால் ஒரு கேள்வி வந்திருக்காது.

ஆனால் விலைக் கணக்குக்கு ஆதாரம் வேண்டுமே! மளிகை மொத்த வியாபாரி கொடுத்த பில்லில் ‘பட்டை’ என்று மட்டும் இருந்தது. “பில்லுல நாடெல்லாம் எழுதற வழக்கமில்லீங்க” என்றார். அடுத்த மூட்டையும் உங்களிடம்தான் வாங்குவேன் என்று சொன்ன பிறகு ‘இலங்கைப் பட்டை, சி5’ என்று நாடும் தரமும் போட்டு வேறு பில் அடித்தார். மசாலா கலப்பவர்கள் முதல் நாளே இப்படிக் கேட்டு வாங்கி வையுங்கள்.

அதோடு முடிந்ததா? புது விண்ணப்பத்தில் கிளார்க் 0902.40 என்று அடித்திருந்தார். அது மூன்று கிலோவுக்கு மேற்பட்ட மூட்டைக்கு. எங்களுடையது கால் கிலோ பாக்கெட், 0902.30. சுங்கத்தில் கொடுத்த ஏற்றுமதி ஆவணமான ஷிப்பிங் பில்லில் சரியாக இருக்கிறது, இதில் தப்பு. இந்தத் தடவை அனுப்புவதற்கு முன்னால் அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, திரையில் ஒவ்வொரு கட்டமாகப் படிக்க வைத்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

சரக்கு போய்விட்டதே, இனி சான்று எதற்கு என்று விட்டுவிடாதீர்கள். கப்பல் ஏறிய நாளிலிருந்து 12 மாதத்துக்குள் சான்றைப் பிறகும் வாங்கலாம். ‘பிறகு வழங்கப்பட்டது’ என்ற குறிப்போடு வரும். எனக்கு வந்தது அதுதான். பினாங்குக்காரர் முழு வரியைக் கட்டித்தான் சரக்கை எடுத்திருந்தார். சான்றை அனுப்பியிருக்கிறேன், கூடுதலாகக் கட்டிய வரியை அவர் திரும்பக் கேட்டிருக்கிறார். பணம் வரும்வரை அந்தத் தொகையை அடுத்த பில்லில் கழிக்கச் சொல்கிறார். ஏஜென்ட் கமிஷனில் கழித்துக்கொள்கிறேன் என்று நான் ஏஜென்டிடம் சொல்லியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.